குவான்ஸாவில் மெழுகுவர்த்தி ஏற்றுவது எப்படி, எதற்காக: முழுமையான வழிகாட்டி

அன்று டிசம்பர் 29, குவான்ஸா விழாவின் நான்காவது இரவு. ஒரு சமூகக் கூடத்தில் மேசையைச் சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தோம். மெழுகுவர்த்தி ஏற்றும் முறை எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு வந்தது. நீளமூக்கு லைட்டரைக் கையில் வாங்கியதும் அவள் நேராக அன்றைய புதுச் சிவப்பு மெழுகுவர்த்தியிடம் போனாள். பக்கத்தில் நின்ற பாட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, நடுவில் இருந்த கறுப்பு மெழுகுவர்த்தியின் பக்கம் மெல்லத் திருப்பினார். "முதல்ல இருந்து வாம்மா. நேத்து ஏத்தினதை விட்டுட்டு இன்னைக்கு உள்ளதை ஏத்தக் கூடாது." கறுப்பு பற்றிக்கொண்டது. பிறகு முந்தைய இரண்டு நாட்களின் திரிகள். கடைசியில்தான் அன்றைய சிவப்பு.

குவான்ஸாவைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஏழு நாட்களுக்குரிய ஏழு கொள்கைகளின் பெயர்களையும் அவற்றின் அர்த்தத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பாட்டி திருத்தியதுதான் இந்த விழாவின் அச்சாணி என்பது என் எண்ணம். ஒவ்வோர் இரவும் முதல் மெழுகுவர்த்தியிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

விழா பிறந்த கதை

குவான்ஸா அமெரிக்கக் கறுப்பின மக்களின் பண்பாட்டு விழா. ஆண்டுதோறும் டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி 1 வரை ஏழு நாள். நாளுக்கு ஒரு கொள்கை, கொள்கைக்கு ஒரு மெழுகுவர்த்தி. மதப் பண்டிகை அல்ல. 25ஆம் தேதி தேவாலயத்துக்குப் போய்வந்து, 26 மாலையில் கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் ஏராளம்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், காவலர்கள் ஒரு கறுப்பின இளைஞரின் காரை நிறுத்தியதில் மோதல் தொடங்கியது. ஆறு நாள் அந்தப் பகுதி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் காலத்தில் அதே நகரில் இயங்கிய கறுப்பினப் பண்பாட்டு இயக்கம் ஒன்றின் தலைவர் மௌலானா கரெங்கா. எதிர்ப்பு மட்டும் போதாது, நமக்கென்று ஒரு கொண்டாட்டமும் வேண்டும் என்று நினைத்தவர். 1966 டிசம்பர் 26 அன்று முதல் குவான்ஸா நடந்தது.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியில் 'மதுண்டா யா குவான்ஸா' என்றால் முதற்கனிகள். விழாவின் பெயர் அதிலிருந்து வந்தது. சுலு, சுவாசி மக்களின் முதல் விளைச்சல் விழாக்களும் மேற்கு ஆப்பிரிக்காவின் புதுவள்ளிக்கிழங்கு விழாக்களும் இதற்கு முன்மாதிரி. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவையும் மத்திய ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள் ஆயிற்றே, கிழக்கின் ஸ்வாஹிலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தன் கொள்ளுப்பாட்டன் எந்த ஊர், எந்தக் குலம் என்று தெரியாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு, எந்த ஒரு குலத்துக்கும் மட்டும் சொந்தமில்லாத ஆப்பிரிக்க மொழி பொருந்துகிறது. எனக்கு அந்தத் தேர்வு சரியாகவே படுகிறது.

கரெங்காவைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. தன் இயக்கத்திலேயே இருந்த இரண்டு பெண்களை அடைத்துவைத்துத் தாக்கிய வழக்கில் 1971இல் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர் அவர். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். விழாவை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் அதை நடத்தும் தாய்மாரும் ஆசிரியைகளும்தான். நான் விழாவை அவர்கள் கையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

மேசையை அமைப்பது

முதலில் ம்கெக்கா என்கிற பாயை விரியுங்கள். கோரை, வைக்கோல், பனையோலை எதுவானாலும் சரி. ஆப்பிரிக்க நெசவுத் துணியையும் பலர் விரிக்கிறார்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் அமரும், ஏனென்றால் பாய் மரபையும் வரலாற்றையும் குறிக்கிறது.

பாயின் நடுவே கினாரா. ஏழு குழியுள்ள மெழுகுவர்த்தித் தாங்கி, பெரும்பாலும் மரத்தால் ஆனது. அது முன்னோர்களைக் குறிக்கிறது. யூதர்களின் ஹனுக்கா விளக்கோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ஹனுக்கா விளக்குக்கு ஒன்பது கிளைகள், எட்டு இரவுகள். இங்கே ஏழுக்கு ஏழு.

கினாராவைச் சுற்றிப் பழங்களும் காய்கறிகளும் வையுங்கள். அதன் பெயர் மஸாவோ, உழைப்பின் விளைச்சல். வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மக்காச்சோளக் கதிர். இதை முஹிந்தி என்பார்கள். (இந்தியரைக் குறிக்கும் ம்ஹிந்தி என்ற ஸ்வாஹிலிச் சொல் வேறு.) பிள்ளை இல்லாத வீட்டிலும் கதிர் வைப்பது வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எல்லோருக்கும் பிள்ளைகள் என்பது அதன் கருத்து. சோளத்துக்குப் பக்கத்தில் ஒற்றுமைக் கிண்ணம், கிகோம்பே ச்சா உமோஜா. பிள்ளைகளுக்கான பரிசுகளும் மேசையில் இருக்கும். ஒரு புத்தகமும் மரபை நினைவூட்டும் ஒரு பொருளும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்தது என்றால் இன்னும் நல்லது.

மெழுகுவர்த்திகளின் இடமும் வரிசையும்

ஏழு மெழுகுவர்த்திகளுக்கு மிஷுமா சபா என்று பெயர். கினாராவின் முன்னால் நின்று பார்த்தால் நடுவே கறுப்பு ஒன்று, இடப்பக்கம் சிவப்பு மூன்று, வலப்பக்கம் பச்சை மூன்று. கறுப்பு மக்களைக் குறிக்கிறது. சிவப்பு அவர்களின் போராட்டத்தை. பச்சை அந்தப் போராட்டத்திலிருந்து வரும் நம்பிக்கையையும் எதிர்காலத்தையும். 1920இல் நியூயார்க் மாநாட்டில் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கம் ஏற்ற கொடியின் வண்ணங்கள்தான் இவை. ஆகவே மெழுகுவர்த்தியின் நிறத்தை அறையின் அலங்காரத்துக்கு ஏற்ப மாற்றாதீர்கள். வெள்ளையும் பொன்னிறமும் கலந்து அழகாக அடுக்கிய கினாராவைக் கடைச் சன்னலில் பார்த்திருக்கிறேன். அதில் சொல்ல வேண்டிய சொல்லே இல்லாமல் போய்விட்டது.

ஏற்றும் வரிசையில் இரண்டு வழக்கங்கள் புழக்கத்தில் உள்ளன.

முதல் வழக்கத்தில் 26ஆம் தேதி கறுப்பு, அடுத்த நாளிலிருந்து இடக்கோடியில் தொடங்கி வலப்பக்கமாக நகர வேண்டும். அதாவது மூன்று சிவப்பும் முடிந்தபின் மூன்று பச்சை. மக்கள், அப்புறம் போராட்டம், அப்புறம் நம்பிக்கை. கரெங்காவின் விளக்கம் இதுதான்.

இரண்டாவது வழக்கத்தில் கறுப்புக்குப் பிறகு சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும். 27இல் இடக்கோடிச் சிவப்பு, 28இல் வலக்கோடிப் பச்சை, இப்படி இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வர வேண்டும். இதில் தன்னுரிமை, கூட்டுப் பொருளாதாரம், படைப்பாற்றல் மூன்றும் சிவப்பாகின்றன. கூட்டுழைப்பு, நோக்கம், நம்பிக்கை மூன்றும் பச்சை.

நான் இரண்டாவதை விரும்புகிறேன். போராட்டம் முழுவதும் முடிந்த பிறகுதான் நம்பிக்கை வரும் என்றால் நாலு நாள்கூட யாராலும் தாங்க முடியாது. ஒரு படி போராட்டம், ஒரு படி நம்பிக்கை என்று நடப்பதுதான் நான் பார்த்த வாழ்க்கை. ஆனால் முதன்முறை செய்பவர்கள், குறிப்பாகச் சிறு பிள்ளைகளோடு செய்பவர்கள், முதல் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். தடுமாற்றம் இருக்காது. எதை எடுத்தாலும் ஏழு நாளும் அதையே பின்பற்றுங்கள்.

ஓர் இரவின் நடைமுறை

இருட்டிய பிறகு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கூடத்தின் விளக்குகளையும் குறைத்துவிட்டால் முகங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெரியும்.

மூத்தவர் ஒருவர் "ஹபாரி கானி?" என்று கேட்பார். என்ன செய்தி என்று பொருள். அதற்குப் பதில் அன்றைய கொள்கையின் பெயர். முதல் இரவென்றால் எல்லோரும் சேர்ந்து "உமோஜா!" (ஒற்றுமை) என்று உரக்கச் சொல்ல வேண்டும். முணுமுணுக்கக் கூடாது.

அடுத்தது தம்பிகோ, முன்னோருக்கு நீர் வார்ப்பது. ஒற்றுமைக் கிண்ணத்தில் உள்ள நீரை நான்கு திசைகளையும் நினைத்து ஒரு பூந்தொட்டியிலோ பாத்திரத்திலோ சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். ஊற்றும்போது முன்னோர் பெயர்களைச் சொல்வார்கள். குடும்பத்துப் பெரியவர்கள், ஊருக்கு உழைத்தவர்கள், அடிமைக் கப்பல்களில் வந்து பெயரே தெரியாமல் கடலில் மூழ்கியவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் "அஷே" என்பார்கள். யொருபா மொழிச் சொல் அது, அப்படியே ஆகட்டும் என்பது போல. அதன்பின் கிண்ணம் கைமாறும். ஒரே கிண்ணத்தில் குடிப்பது சங்கடம் என்றால் தனித்தனிக் குவளையில் ஊற்றிக் கொடுக்கலாம். பலர் உதட்டருகே தூக்கிவிட்டு அடுத்தவருக்குத் தருகிறார்கள்.

இப்போதுதான் மெழுகுவர்த்தி. ஏற்றுவது பிள்ளைகளின் உரிமை. பெரியவர்கள் கைபிடித்து உதவலாமே தவிர, பறித்துக்கொள்ளக் கூடாது. கறுப்பை ஏற்றி "உமோஜா" என்று சொல்ல வேண்டும். பிறகு நேற்றுவரை ஏற்றியவற்றை அதே வரிசையில், ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிச் சொல்லி. கடைசியாக அன்றைய புதியது. இப்படி ஏழு நாளில் மொத்தம் 28 முறை திரி பற்றவைக்கிறோம். அதில் ஏழு முறை கறுப்புக்கு. ஒற்றுமையை முதல் நாளில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

ஏற்றிய பிள்ளை அன்றைய கொள்கைக்குத் தன் சொந்த வார்த்தையில் பொருள் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் அவசரப்படுகிறார்கள். தாளில் அச்சடித்ததைப் பிள்ளை படித்துவிட்டு உட்கார்ந்துவிடும். தயவுசெய்து காத்திருங்கள். "இன்னைக்கு என் தம்பிக்கு ஷூ லேஸ் கட்ட சொல்லிக்கொடுத்தேன், அதுதான் உஜிமா" (கூட்டுழைப்பு) என்று ஒரு பையன் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெழுகுவர்த்தி எதற்காக எரிந்ததோ அது நடந்துவிட்டது. பிள்ளைக்குப் பிறகு பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பேசலாம். பாட்டு, கவிதை, பழைய புகைப்படம் எதுவும் சேரலாம்.

முடிக்கும்போது கையை உயர்த்தி ஏழு முறை "ஹரம்பே!" என்பார்கள். சேர்ந்து இழுப்போம் என்று பொருள். பிறகு மெழுகுவர்த்திகளை அணைத்து மறுநாளுக்கு அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள் என்றால், அழைத்தால் மட்டும் ஏற்றுங்கள். பழமோ ஒரு பிள்ளைப் புத்தகமோ எடுத்துப்போங்கள். முன்னோர் பெயர் சொல்லும் நேரத்தில் உங்களையும் கேட்டால், மறைந்த உங்கள் பெரியவர் ஒருவரின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

மெழுகும் தீயும்

வழக்கமான நீள மெழுகுவர்த்தி மணிக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உருகும். நீளம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு ஒரு மணி நேரம் எரிக்கலாம். கறுப்பு ஏழு இரவும் தாங்கிச் சிறிது மிஞ்சும். இரண்டு மணி நேரம் எரித்தால் ஐந்தாம் நாளே கறுப்பு தீர்ந்துவிடும். முன்னெச்சரிக்கையாகக் கறுப்பு மட்டும் இரண்டு வாங்கிவையுங்கள்.

குழியில் ஆடினால் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்குங்கள். கறுப்பு மெழுகு பாயில் சொட்டினால் கறை போகாது. கினாராவின் கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள். சோளத்தின் உலர்ந்த தோகையும் பழக்கூடையின் வைக்கோலும் தீயிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். தீ ஏற்ற அனுமதி இல்லாத விடுதியிலும் மருத்துவமனையிலும் பேட்டரி மெழுகுவர்த்தி வைத்தே கொண்டாடுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் போடுகிற வரையில் அதில் குறையொன்றும் இல்லை.

ஏழு இரவும் என்ன பேசுவது

உமோஜா, டிசம்பர் 26. ஒற்றுமை. குடும்பத்தில், ஊரில், இனத்தில். இந்த இரவில் நான் சொல்வது பழைய செய்தித்தாள் விளம்பரங்களைப் பற்றி. 1865இல் அடிமை முறை ஒழிந்ததும் விடுதலை பெற்றவர்கள் முதலில் தேடியது, விற்கப்பட்டுப் பிரிந்துபோன சொந்தங்களை. கறுப்பினப் பத்திரிகைகளிலும் தேவாலய இதழ்களிலும் 'தகவல் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார்கள். அம்மாவின் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், வாங்கிய முதலாளியின் பெயர். பல பத்தாண்டுகள் இந்த விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன. பிரிவு என்றால் என்னவென்று இப்படித் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஏற்றும் முதல் மெழுகுவர்த்திக்கு வேறென்ன பெயர் வைத்திருக்க முடியும்?

குஜிச்சாகுலியா, 27. தன்னுரிமை. நம்மை நாமே வரையறுப்பது, நமக்கு நாமே பெயரிடுவது. அடிமைகளுக்குப் பெயர் வைப்பவர் முதலாளி. பின்னாளில் அடிமை ஒழிப்புப் போராளியான பிரெடரிக் பெய்லி, 1838இல் தப்பி வடக்கே வந்ததும் பழைய குடும்பப் பெயரை விட்டு டக்ளஸ் என்ற புதுப் பெயரை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் அவரவர் பெயரின் கதையைக் கேளுங்கள். அன்றைய இரவு அதிலேயே நிறைந்துவிடும்.

உஜிமா, 28. கூட்டுழைப்பும் கூட்டுப் பொறுப்பும். பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்து, அலபாமாவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைவைத்து மற்றவர்களை வேலைக்கு ஏற்றிச்சென்றார்கள். மீதிப் பேர் நடந்தார்கள்.

உஜமா, 29. கூட்டுப் பொருளாதாரம். தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தன் ஆட்சிக் கொள்கைக்கு வைத்த பெயரும் இதுதான். ஓக்லஹோமாவின் துல்சா நகரில் உள்ள கிரீன்வுட் பகுதியைப் பற்றிப் பேசலாம். கறுப்பினத்தவரின் கடைகளும் மருத்துவமனையும் திரையரங்கும் செழித்திருந்த இடம். 1921 மே 31இலும் ஜூன் 1இலும் வெள்ளையர் கும்பல் 35 தெருத்தொகுதிகளை எரித்தது. அங்கிருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எரித்ததோடு கதையை நிறுத்திவிடாதீர்கள்.

நியா, 30. நோக்கம். கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூன் 1904இல் புளோரிடாவின் டேடோனாவில் ஒன்றரை டாலர் கையில் வைத்துக்கொண்டு ஐந்து சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். கரிந்த மரச்சில்லுதான் பென்சில். எல்டர்பெரிப் பழச்சாறுதான் மை. அந்தப் பள்ளி இன்று பல்கலைக்கழகம்.

கூம்பா, 31. படைப்பாற்றல். நமக்குக் கிடைத்ததைவிட அழகாக நம் ஊரை விட்டுச்செல்வது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைத் துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தவை. 2006இல் அவை தபால்தலைகளாக வந்தன. இந்த இரவில்தான் கராமு என்னும் பெருவிருந்து. ஏற்றுவது முடிந்ததும் சாப்பாடு, மேளம், ஆட்டம். பிள்ளைகளை அன்று சீக்கிரம் தூங்கச் சொல்லாதீர்கள்.

இமானி, ஜனவரி 1. நம்பிக்கை: நம் மக்கள்மேல், பெற்றோர்மேல், ஆசிரியர்கள்மேல், நம் போராட்டம் வெல்லும் என்பதன்மேல்.

இந்தத் தேதியில் நின்று கொஞ்சம் பேச வேண்டும். அடிமைக் காலத்துத் தென் மாநிலங்களில் ஆண்டின் முதல் நாள், ஆட்களைக் குத்தகைக்கு விடும் நாள். கடனை அடைக்க விற்கும் நாளும் கூட. அம்மா ஒரு தோட்டத்துக்கு, பிள்ளை இன்னொரு தோட்டத்துக்கு. நெஞ்சு உடையும் நாள் என்றே அதற்குப் பெயர் இருந்தது. டிசம்பர் 31 இரவு, மறுநாள் யார் யாருடன் இருப்பார்கள் என்று தெரியாமல் விழித்திருந்தார்கள். 1862இன் அதே இரவில் வேறொன்றுக்காக விழித்திருந்தார்கள். தேவாலயங்களில் கூடி, 1863 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரவிருந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்காகக் காத்திருந்தார்கள். இன்றும் பல கறுப்பினத் தேவாலயங்களில் அந்த இரவு விழிப்பு இரவுதான். கூம்பாவுக்கும் இமானிக்கும் நடுவே வருவது அதே இரவு. ஏழாவது மெழுகுவர்த்தியைப் பிள்ளை ஏற்றும்போது அதன் அம்மா பக்கத்திலேயே நிற்கட்டும். அந்த நாளில், அந்தத் தேதியில், ஒரே வீட்டில் இருவரும் நிற்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இமானி நாள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நாள். மூன்று கேள்விகள் வழக்கமானவை. நான் யார்? உண்மையிலேயே நான் அப்படித்தானா? நான் ஆக வேண்டிய ஆளாக ஆகிவிட்டேனா? இவற்றைப் பிள்ளைகளிடம் திணிக்க வேண்டாம். பெரியவர்கள் உரக்கக் கேட்டுக்கொண்டால் பிள்ளைகள் கவனித்துக்கொள்வார்கள்.

கடைசி ஹரம்பே முடிந்து விளக்குகளைப் போடும் முன், கினாராவை ஒருமுறை பாருங்கள். முதல் வழக்கப்படி ஏற்றியிருந்தால், இடக்கோடிச் சிவப்பு குட்டையாகவும் வலக்கோடிப் பச்சை ஏறக்குறைய புதிதாகவும் படிப்படியாக உயர்ந்து நிற்கும். நடுவில் கறுப்பு எல்லாவற்றிலும் குட்டை, ஏழு இரவும் எரிந்தது அது ஒன்றுதான். அந்தக் கூடத்துப் பாட்டி ஏழாவது இரவில் கறுப்புத் துண்டை மட்டும் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் புதுக் கறுப்பை இதுல இருந்துதான் பத்தவைப்போம்" என்று சிறுமியிடம் சொன்னார். பிறகு "துதாஓனானா" என்று எல்லோரிடமும் விடைபெற்றார். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம்.